ஊசி உருளும்போது நரம்பில் நடப்பது

தசைக்குள் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி இறங்கும்போது எழும் சுருக்கென்ற வலி, வந்த வேகத்தில் மறைந்துவிடும். அக்குபங்சர் செய்பவர் காத்திருப்பது அதற்காக அல்ல. ஊசியை விரல்களுக்கிடையே உருட்டும்போது ஆழத்தில் ஒரு கனமும் மரமரப்பும் பரவும். சீன மரபில் அதற்கு ‘தேச்சி’ என்று பெயர்.

உருளும் ஊசியின் மேல், நூற்கண்டில் நூல் ஏறுவதுபோல, திசுவைப் பிணைக்கும் கொலாஜன் புரத இழைகள் சுற்றிக்கொள்கின்றன. திசு இழுபட, அதிலுள்ள நரம்பு முனைகளும் இழுபடுகின்றன. ஓய்விலுள்ள நரம்பிழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். இழுவையால் சவ்வின் அயனி வாயில்கள் திறந்து, அது 55 அளவுக்குக் குறைந்தால் போதும்; சோடியம் அயனிகள் மளமளவென உள்ளே பாய, ஏறத்தாழ ஒரு மில்லிநொடிக்குள் மின்னழுத்தம் நேர்மறைக்குப் புரண்டுவிடுகிறது. இந்த மின்துடிப்பில் அரைகுறை கிடையாது. எழுந்தால் முழுதாக எழும். ஆகவே தூண்டலின் வலிமையைத் துடிப்பின் உயரம் காட்டாது. நொடிக்கு எத்தனை துடிப்பு, எத்தனை இழைகளில் என்பதே காட்டும்.

மயலின் எனும் மெல்லிய கொழுப்புறையுள்ள ஏ-டெல்டா வகை நரம்பிழைகளில் துடிப்பு நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும். உறையற்ற சி இழைகளிலோ 2 மீட்டரைத் தாண்டாது. சுருக்கென்ற குத்தல் முந்துவதும் மந்தமான வலி பிந்துவதும் இதனால்தான்.

அக்குபங்சர் வலியைத் தணிப்பதாகச் சொல்லப்படுகிறது; அது நரம்பின் வேலைதானா? ஊசி குத்துமிடத்தை மரப்பு மருந்தால் உணர்விழக்கச் செய்த சோதனைகளில், ஊசி குத்தியும் வலி தணியவில்லை. இதைவிட நேரடியான சான்று தேவையில்லை என்பேன்.

என்னை மிகவும் வியக்கவைப்பது தாளம். ஊசியில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்த சீன விஞ்ஞானி ஹான் ஜிஷெங்கின் குழு, 2 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 2 துடிப்பு) தூண்டலில் உடலின் சொந்த வலிநிவாரணிகளான என்கெபலினும் எண்டார்பினும், 100 ஹெர்ட்ஸில் தண்டுவடத்தில் அதே வகையைச் சேர்ந்த டைனார்பினும் சுரப்பதைக் கண்டது. ஊசி அதேதான், இடமும் அதேதான். துடிப்பின் வேகம் மாறியதும் உடல் வேறொரு வலிநிவாரணியை எடுத்துத் தருகிறது!

இடமும் முக்கியம். 2021இல் வெளியான எலி ஆய்வில், பின்னங்காலுக்குக் கொடுத்த மெல்லிய மின்தூண்டல் மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் வேகஸ் நரம்பு வழியே, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியை எட்டி அழற்சியைக் குறைத்தது. அதே தூண்டலை வயிற்றில் கொடுத்தபோது அது நடக்கவில்லை. காலில் ஆழமாகப் பரவியுள்ள குறிப்பிட்ட வகை உணர்நரம்புகளே காரணம்.

மனிதர்களிடம் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. மெய்யான ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையே வலி குறைவதில் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் சிறியது. நோயாளியின் எதிர்பார்ப்புக்கு அதில் பங்குண்டு. தோலை மட்டும் அழுத்தும் போலி ஊசியும் தொடு நரம்புகளில் துடிப்புகளை எழுப்பத்தான் செய்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.