வருஷப்பிறப்பு இலையில் மாங்காய் பச்சடி எவ்வளவு?

சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆனால் போதும், எங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவில் கூட்டம் கூடிவிடும். உணவு ஆலோசகராக வருடாவருடம் இதைப் பார்க்கிறேன். "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "தப்பா ஒண்ணும் சாப்பிடலை மேடம். மாங்காய் பச்சடியும் கொஞ்சம் பாயசமும்தான். ரெண்டும் வெல்லம்தானே, சீனி தொடவே இல்லை."

இந்த "வெல்லம்தானே" என்ற சொல்லைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். வெல்லமும் கரும்புச் சாறுதான், சீனியும் கரும்புச் சாறுதான். சீனியைச் சுத்திகரிக்கிறார்கள், வெல்லத்தைச் சுத்திகரிப்பதில்லை. வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. 100 கிராம் சீனியில் சுமார் 400 கலோரி என்றால் வெல்லத்தில் சுமார் 380. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இதே கதைதான். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் ஒரு ஸ்பூனில் கிடைப்பது சொற்பம். இரும்புச்சத்துக்குக் கீரையும் பயறும் இருக்கின்றன.

சரி, பச்சடிக்கு வருவோம். நடுத்தர அளவில் ஒரு கிளிமூக்கு மாங்காய், அதற்கு முக்கால் கப் பொடித்த வெல்லம். பல வீடுகளில் இதுதான் கணக்கு. முக்கால் கப் என்பது ஏறக்குறைய 150 கிராம். வீட்டில் 6 பேர் என்றால் ஆளுக்கு 25 கிராம் வெல்லம். இனிப்பால் வரும் கலோரி மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. ஒரு நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். சர்க்கரை நோய் இல்லாதவருக்கே அவ்வளவுதான். அது பச்சடியிலேயே முடிந்துவிடுகிறது. பாயசம் இன்னும் வரவே இல்லை.

அதற்காகப் பச்சடியே வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வருடத்தின் முதல் நாள் அறுசுவையும் நாக்கில் பட வேண்டும் என்றுதான் இதைச் செய்கிறோம். மாங்காயின் புளிப்பு, வெல்லத்தின் இனிப்பு, வேப்பம்பூவின் கசப்பு, மிளகாயின் காரம், உப்பு, கொஞ்சம் துவர்ப்பு. பங்குனி கடைசியில் வேம்பு பூத்து உதிர, மரத்தில் மாங்காய் தொங்க, அந்தப் பருவம் அப்படியே சட்டிக்குள் வந்துவிடுகிறது. ஒரு பாட்டியின் இலையில் அதை வைக்காமல் விடுவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம். வைக்காவிட்டால் சமையலறையில் யாரும் பார்க்காத நேரத்தில் நின்றுகொண்டே அவர் சாப்பிடுவார். அப்போது அளவும் தெரியாது, மருந்துக்கும் கணக்கு இருக்காது.

என் மனக்குறை அளவைப் பற்றித்தான். வாழை இலையில் பச்சடிக்கு என்று ஓர் இடம் இருந்தது. மேல் பக்கம் ஓரமாக, உப்புக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில், ஒரு ஸ்பூன். தொட்டுக்கொள்ளத்தான் அது. பாயசமும் முதலில் இலை ஓரத்தில் ஒரு துளிதான் விழும். இன்று தட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு கிண்ணம் வைக்கிறோம். கிண்ணம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும். சோற்றோடு தொட்டுக்கொண்ட பண்டம் இப்படித்தான் தனி இனிப்பாக மாறிவிட்டது. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: அன்று ஒரு நாளாவது இலையில் பரிமாறுங்கள், கிண்ணத்தை எடுத்து உள்ளே வையுங்கள்.

செய்யும் முறையிலும் கொஞ்சம் மாற்றலாம். நல்ல புளிப்பு மாங்காய்க்குப் பதிலாக செங்காய் வாங்குங்கள். லேசாகப் பழுக்க ஆரம்பித்த காயில் புளிப்பு குறைவு. 150 கிராம் வெல்லம் போட்ட இடத்தில் 50, 60 கிராமே போதும். ஒரு சிட்டிகை உப்பு கூடுதலாகப் போட்டால் இருக்கும் இனிப்பும் எடுப்பாகத் தெரியும். அரிசி மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்க வேண்டியதில்லை, மாங்காயே குழைந்து கெட்டிப்படும். வேப்பம்பூவை நெய்யில் வறுத்துக் கடைசியில் தூவுங்கள். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் முழுக்கக் கசந்து, அதைச் சரிக்கட்ட இன்னும் ஒரு கை வெல்லம் போய்விடும்.

வேப்பம்பூ என்றதும் ஞாபகம் வருகிறது. "வேப்பம்பூ சேர்த்திருக்கு, இனிப்பை முறிச்சிடும்" என்று நம்புகிறவர்கள் நிறைய பேர். கசப்பு நாக்கில் இனிப்பை மறைக்கும், ரத்தத்தில் மறைக்காது. வேப்பம்பூப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, காலில் ஆறாத புண்ணோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

பாயசத்தில் ஜவ்வரிசியைவிட பாசிப்பருப்பு பரவாயில்லை. ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. பருப்பில் புரதமும் நாரும் உண்டு. ஆனாலும் வெல்லம் வெல்லம்தான், கால் டம்ளரோடு நிறுத்த வேண்டும். சாப்பிடும் வரிசையும் முக்கியம். முதலில் கூட்டு, பொரியல், ஒரு வடை. அப்புறம் சோறு. காயும் பருப்பும் முன்னால் போனால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. பாயசம் கடைசியில், சோற்றின் அளவை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். பலருக்கும் 180-க்குள் இருக்க வேண்டும். பாயசம் சாப்பிடப் போகிறோமே என்று நீங்களாகவே ஒரு மாத்திரை கூடப் போடாதீர்கள். சாயங்காலம் சர்க்கரை மிகவும் இறங்கிப் போகும்.

இறங்கிப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குப் பண்டிகை நாளில் இதுதான் பெரிய பயம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. காலை ஆறு மணிக்குக் கனி பார்த்துவிட்டு, வழக்கம்போல இன்சுலினும் போட்டுக்கொண்டார். படையல் முடியாமல் வாயில் எதுவும் வைக்க மாட்டார். சமையல் முடிந்து, வாசலில் விருந்தாளி வந்து, படையலுக்கு மணி பன்னிரண்டு. அடுப்படியிலேயே வியர்த்து, கை நடுங்கி, சரிந்துவிட்டார். சித்திரை வெயில்தான் காரணம் என்று நினைத்து, வீட்டில் ஃபேனைப் போட்டு நீர்மோர் கொடுத்திருக்கிறார்கள். உப்புப் போட்ட நீர்மோரில் அவருக்கு அப்போது வேண்டிய சர்க்கரை ஏது? பக்கத்து வீட்டுப் பெண் மீட்டரை எடுத்து வந்து பார்த்தபோது 52. அதற்குப் பிறகுதான் சீனித் தண்ணீர் கொடுத்தார்கள், நல்லவேளையாக எழுந்துவிட்டார்.

70-க்குக் கீழே போனாலே அது தாழ்நிலை. நினைவு இருந்தால் 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற, இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பூஜைக்காகப் பட்டினி இருக்கக் கூடாது. படையலுக்கு முன் சாப்பிட மனசு வரவில்லை என்றால், இரண்டு நாள் முன்னதாகவே உங்கள் மருத்துவரிடம் சொல்லி மருந்து நேரத்தை மாற்றிக் கேளுங்கள். அல்லது படையலைக் காலை எட்டு மணிக்கே முடித்துவிடுங்கள். பல வீடுகளில் இதைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், முக்கியமாக டயாலிசிஸில் இருப்பவர்கள், கனித்தட்டைக் கவனிக்க வேண்டும். மா, பலா, வாழை மூன்றிலும் பொட்டாசியம் உண்டு, வெல்லத்திலும் உண்டு. எது, எத்தனை துண்டு என்று உங்கள் டயாலிசிஸ் பிரிவில் கேட்காமல் தொடாதீர்கள். இளநீரும் வேண்டாம்.

கடைசியாக மிச்சம். அந்த ஒரு நாள் மதியச் சாப்பாட்டால் மட்டும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி கெட்டுப்போய்விடாது. கூட்டம் ஏன் ஒரு வாரம் கழித்து வருகிறது என்று யோசித்து, ஒவ்வொருவரிடமும் துருவித் துருவிக் கேட்டபோதுதான் பிடிபட்டது: ஃபிரிட்ஜில் நான்கு நாள் இருந்த பாயசம். "வீணாப் போகுதேன்னு" காலையில் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி. பச்சடி தோசைக்குத் தொட்டுக்கொள்ள. அதனால் அன்று சாயங்காலமே மிச்சத்தை டிபன் பாக்ஸில் போட்டு, எதிர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள். பாத்திரத்தை ராத்திரியே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.