ஈகோசிஸ்டம்: சூழற்றொகுதியா, வளவா?

என் அக்காவின் மகன் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறான், சாதாரண தரத்துக்குப் படிக்கிறான். விஞ்ஞான ஒப்படைக்காகக் கிண்ணியாப் பக்கம் போய்க் கண்டல் காட்டைப் படம் பிடித்து வந்தான். பிடித்தது, கனடாவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய ஐபோனில். வீட்டில் இருப்பதோ வின்டோஸ் லப்டொப். படங்களை ஏற்றித் தரச் சொல்லி ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறான். "இது வேற ஈகோசிஸ்டம் தம்பி, ரெண்டும் சேராது" என்று அனுப்பிவிட்டார்கள்.

நேரே என்னிடம் வந்தான். "மாமா, ஈகோசிஸ்டம் எண்டா சூழற்றொகுதிதானே? நான் படம் எடுத்த கண்டல் காடுதானே அது? போனுக்கு எப்பிடி வரும்?"

நல்ல கேள்வி. எந்தப் பொருளில் வந்த சொல் எங்கே போய் நிற்கிறது என்பதை அந்தக் கேள்வி அப்படியே காட்டிவிடுகிறது.

சொல்லின் முற்பாதி கிரேக்கத்து 'ஒய்கோஸ்'. வீடு, குடும்பம் என்று பொருள். பிற்பாதி 'சிஸ்டம்', பல உறுப்புகள் சேர்ந்து ஒன்றாக நிற்பது. இரண்டையும் இணைத்த சொல்லை 1935இல் தன் கட்டுரையில் வைத்தவர் பிரித்தானியத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. உயிர்களை மட்டும் பார்த்தால் போதாது. மண், நீர், வெயில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்னது. அந்தப் பொருளுக்கு எங்கள் பாடநூல்களில் உள்ள 'சூழற்றொகுதி' பொருத்தமான சொல். சூழலும் தொகுதியும் புணர்ந்து அழகாக நிற்கிறது. தமிழ்நாட்டில் சூழல் மண்டலம் என்றும் எழுதுவார்கள்.

1993இல் ஜேம்ஸ் மூர் என்பவர் இதே சொல்லை வணிகத்துக்கு எடுத்துக்கொண்டார். ஒன்றையொன்று நம்பி வாழும் நிறுவனங்களின் கூட்டம் என்ற பொருளில் எழுதினார். அங்கிருந்து போன்காரர்களிடம் வந்தபோது பொருள் இன்னும் சுருங்கிவிட்டது: ஒரே நிறுவனத்தின் போன், கணினி, கைக்கடிகாரம், சேமிப்பிடம் எல்லாம் ஒன்றையொன்று சொல்லாமலே அறிந்துகொள்ளும் ஏற்பாடு. ஐபோனில் நகலெடுத்த வரியை அப்பிளின் லப்டொப்பான மக்புக்கில் ஒட்டலாம். வின்டோஸில் அது நடக்காது.

இந்தப் பொருளுக்குச் சூழற்றொகுதி என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் இடத்தை மூதூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். நன்னீர் எங்கே முடிந்தது, உவர்நீர் எங்கே தொடங்கியது என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது. கடலில் பொரித்த இறால் குஞ்சு கண்டல் வேர்களுக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. கரைகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருப்பதால்தான் அது சூழற்றொகுதி. போன் நிறுவனத்தின் ஏற்பாட்டுக்கோ வேலி உண்டு.

அதனால் நான் சொல்வது 'வளவு'. வேலி அடைத்த வீட்டுக் காணியை எங்கள் ஊரில் வளவு என்கிறோம். வளைத்தல் என்ற வினையின் உறவுச் சொல். செட்டிநாட்டில் வீட்டின் உட்பகுதியையே வளவு என்பார்கள். ஒய்கோஸ் சொன்ன வீடும் இதில் இருக்கிறது, வளைத்து அடைத்த எல்லையும் இருக்கிறது. ஆக, அப்பிள் வளவு, கூகிள் வளவு, மைக்ரோசொப்ட் வளவு. வேறு வளவுக் கருவியோடு இணைப்பதை 'வளவு தாண்டி இணைத்தல்' என்று சொன்னால் எங்கள் வீட்டு அம்மம்மாவுக்கும் விளங்கும்.

வளவு என்றதும் வேறு சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன. வீட்டுக்காரர் தாமே வைக்கும் வாசல் படலை. மைக்ரோசொப்டின் போன் லிங்க் அப்படிப்பட்ட படலை: முதலில் அன்ட்ரொயிட்டுக்குத் திறந்தார்கள், 2023இல் ஐபோனுக்கும் புளூடூத் வழியாகத் திறந்தார்கள். அழைப்பும் குறுஞ்செய்தியும் லப்டொப்புக்கு வரும். அப்புறம் பொட்டு. நெற்றிப் பொட்டு அல்ல. அயல் வீட்டுக்குப் போய்வர வேலியில் விட்டிருக்கும் இடைவெளியை ஈழத்துப் பேச்சில் பொட்டு என்பார்கள். லோக்கல்சென்ட், கேடிஈ கனெக்ட் போன்ற இலவசச் செயலிகளை நான் பொட்டு என்றே சொல்வேன். எந்த வளவுக்கும் சொந்தமில்லாதவர்கள் எல்லாருக்குமாகச் செய்தவை. இரண்டு கருவியும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், படம் நேரே போய்விடும். இணையத்தைத் தொடுவதில்லை, ஆகவே டேட்டாவும் செலவாகாது.

வேலி மறுபக்கமும் உண்டு: அன்ட்ரொயிட் போனை மக்புக்கில் செருகினால் சார்ஜ் ஏறும், கோப்புகள் தெரியாது. அதற்கு ஓபன்எம்டிபி என்ற இலவச மென்பொருள் போட வேண்டும்.

வயரின் வாய் இப்போது பெரும்பாலும் ஒன்றுதான். 2023இல் வந்த ஐபோன் 15 முதல் அப்பிளும் யூஎஸ்பி-சிக்கு மாறிவிட்டது. வாய் ஒன்றானாலும் வேலி அப்படியே இருக்கிறது.

சரி, மருமகனின் படங்கள். வயரைச் செருகியதும் "இந்தக் கணினியை நம்பலாமா" என்று போன் கேட்டது. ஆம் என்று தொட்டு, கடவு எண்ணைப் போட்டதும் லப்டொப்பில் படக் கோப்புறை தெரிந்தது. சேராது என்று சொல்லப்பட்டது ஒரு நிமிடத்தில் சேர்ந்தது. ஆனால் இறக்கிய படங்கள் திறக்கவில்லை. 2017இல் இருந்து ஐபோன் படங்களை ஹெய்க் என்ற வடிவில் சேமிக்கிறது. பல வின்டோஸ் கணினிகளில் அதைத் திறக்கத் தனியாக ஒரு சேர்ப்பு மென்பொருள் வேண்டும். போனின் செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குப் போனால், அடியில் மக் அல்லது பீசிக்கு மாற்றும் விதம் என்று ஒன்று இருக்கிறது. அதை ஓட்டோமட்டிக் ஆக்கிவிட்டு மறுபடி இறக்கினோம். எல்லாம் வின்டோஸ் திறக்கும் வழமையான ஜேபெக் வடிவில் வந்தன. கண்டல் வேர், சேறு, சேற்றில் ஒரு நண்டு, எல்லாம் தெளிவாக இருந்தன.

ஒப்படையின் தலைப்பில் அவன் சூழற்றொகுதி என்றே எழுதினான். அங்கே அதுதான் சரியான சொல்.