என்விரான்மென்ட் வேரியபிள் பூட்டிய பெட்டி இல்லை

போன வாரமும் ஒன்று வந்தது. இணையதளம் திறக்கவில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். திறந்து பார்த்தால் பிழைச் செய்தி, அதன் கீழே அந்த ப்ராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின், என்விரான்மென்ட் வேரியபிள்கள் (நிரல் தொடங்கும்போது வெளியிலிருந்து கொடுக்கப்படும் பெயர்-மதிப்பு ஜோடிகள்) வரிசையாக. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, மின்னஞ்சல் சேவையின் சாவி, எல்லாம் பப்ளிக்காக. பிழையின் உள்விவரங்களைக் காட்டும் டீபக் மோடை யாரும் நிறுத்தவில்லை. "கோடில் எழுதவே இல்லையே, என்விரான்மென்ட்டில்தானே வைத்தோம்" என்றார் நிரலை எழுதியவர். இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கோடில் எழுதாதது சரிதான். இணைய நிரல்களை எழுதுவதற்கென 2011-இல் வந்த ட்வெல்வ் ஃபாக்டர் வழிகாட்டியும் செட்டிங்குகளை என்விரான்மென்ட்டில் வைக்கச் சொன்னது. ஒரே கோடு டெஸ்ட் சர்வரிலும் லைவிலும் மாற்றமில்லாமல் ஓட வேண்டும், அதற்காக. கோடிலிருந்து பிரித்துவிட்டால் ரகசியம் காக்கப்பட்டுவிடும் என்று நாமாக நினைத்துக்கொண்டோம்.

என்விரான்மென்ட் ஒளிவிடம் இல்லை. லினக்ஸில் ப்ராக் கோப்பகத்துக்குள் ப்ராசஸ் எண்ணின் கீழே என்விரான் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதே யூசரில் ஓடும் எந்த நிரலும் அதைப் படித்துவிடலாம். நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அறைகளில் ஓட்டும் டாக்கரில், டாக்கர் இன்ஸ்பெக்ட் என்று அடித்தால் கன்டெய்னருக்குக் கொடுத்த வேரியபிள்கள் அப்படியே வந்து நிற்கும். உங்கள் நிரல் படத்தைச் சுருக்க வேறொரு நிரலைக் கூப்பிட்டால், நீங்கள் தடுக்காதவரை அதற்கும் முழுப் பிரதி போகும். படம் சுருக்குகிற நிரலுக்கு டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எதற்கு? விண்டோஸில் சிஸ்டம் வேரியபிள்கள், அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. லாகின் செய்த சாதாரண யூசரும் பார்க்கலாம்.

செட்டிங்குகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் கோப்பைப் பழைய முறை என்று ஒதுக்குகிறார்கள். கோப்புக்கு உரிமையாளர் உண்டு, பர்மிஷன் உண்டு. பர்மிஷனை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) என்று போட்டு, வெப் ரூட்டுக்கு, அதாவது இணையத்துக்குத் திறந்திருக்கும் கோப்பகத்துக்கு, வெளியே வையுங்கள். ரகசியங்களைக் காக்கவென்றே உள்ள சீக்ரெட் மேனேஜர் இருந்தால் இன்னும் நல்லது. போர்ட் எண், லாக் அளவு போன்ற ரகசியமில்லாதவை என்விரான்மென்ட்டிலேயே இருக்கட்டும். டீபக் மோடை லைவில் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அப்புறம், கோடின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் தவறிப்போய் ஏறிய, வேரியபிள்களை எழுதி வைக்கும் டாட் என்வ் கோப்பு. அழித்துவிட்டு மறுபடி கமிட் செய்தால் (மாற்றத்தைப் பதிவு செய்தால்) போய்விடாது, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டிய கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் பிறகு சேர்ப்பதாலும் பயனில்லை. முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது பிறகு. மாற்றியதும் ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்ய மறக்காதீர்கள். ஓடிக்கொண்டிருப்பது, தொடங்கியபோது வாங்கிய பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும்.