நாய், பூனை உணவுப் பையில் முதலில் எதைப் படிப்பது?

2024 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் உரிமம் எடுத்து இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்று ஆனதிலிருந்து, எங்கள் கிளினிக்குக்குப் பூனைக் கூடையோடு வருகிறவர்களில் இரண்டு வகையினரைப் பார்க்கிறேன். புதிதாக வளர்க்கத் தொடங்கியவர்கள் ஒரு வகை. பல வருடம் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் வளர்த்துவிட்டு இப்போதுதான் தைரியமாக மருத்துவரிடம் கொண்டுவருகிறவர்கள் இன்னொரு வகை. இவர்களும் சரி, நாய் வளர்க்கிறவர்களும் சரி, கிளம்பும்போது கதவருகில் நின்று கேட்பது ஒன்றைத்தான்: "டாக்டர், எந்த பிராண்ட் நல்லது?"

நான் பிராண்ட் பெயர் சொல்வதில்லை. ஒரே கம்பெனி குட்டிக்கு ஒன்று, கிழத்துக்கு ஒன்று, கொறிக்க ஒன்று என்று பல வகை செய்கிறது. பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தப்பான பையோடு திரும்ப வாய்ப்புண்டு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல கிளினிக்குகளைப் போல நாங்களும் உணவு விற்கிறோம். அதை மனத்தில் வைத்துக்கொண்டே நான் சொல்வதைக் கேளுங்கள். அதனால்தான் பெயருக்குப் பதிலாக, பையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரியைத் தேடச் சொல்கிறேன்.

அந்த வரி, இந்த உணவு 'கம்ப்ளீட்' என்கிறதா, 'காம்ப்ளிமென்டரி' என்கிறதா? முதலாவது என்றால், வேறு எதுவும் தராமல் இதை மட்டுமே தினமும் தந்தாலும் அந்த விலங்குக்குத் தேவையான சத்தெல்லாம் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் பொறுப்பேற்கிறார். இரண்டாவது என்றால், இது தொட்டுக்கொள்ள மட்டும். முழு உணவு வேறு இருக்க வேண்டும். அமெரிக்கத் தயாரிப்புகளில் இந்த வரி ஆஃப்கோ என்ற அமைப்பின் அளவுகோலைச் சொல்லும், ஐரோப்பியத் தயாரிப்புகள் பெரும்பாலும் ஃபெடியாஃப் என்ற அமைப்பின் அளவுகோலைப் பின்பற்றும். ஆஃப்கோ எந்த உணவுக்கும் சான்றிதழ் தருவதில்லை, அங்கீகரிப்பதும் இல்லை. அது அளவுகோலை வகுப்பதோடு சரி. "ஆஃப்கோ அப்ரூவ்டு" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வரியை நீங்களே படியுங்கள்.

அதே வரியில் எந்த வயதுக்கு என்பதும் இருக்கும். வளர்ந்த விலங்குக்கு மட்டும் என்று போட்டிருந்தால் குட்டிக்கு அது போதாது. ஆஃப்கோ அளவில் வளர்ந்த பூனைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் குறைந்தது 26 சதவிகிதப் புரதம், குட்டிக்கு 30. நாய்க்கு முறையே 18, 22.5.

சில மாதங்களுக்கு முன் ஈசூனிலிருந்து ஓர் இளம் தம்பதி இரண்டு வயதுப் பூனையைக் கொண்டுவந்தார்கள். முடி மங்கி, முதுகில் பொடுகு. வெள்ளை வெளேரென்று டூனா சதை மிதக்கும் டின் உணவு மட்டும்தான் சாப்பிடுமாம். காலி டின்னைக் கையோடு எடுத்து வந்திருந்தார்கள், புத்திசாலிகள். கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் பாதியை மறைத்திருந்தது. அதன் ஓரத்தில் இருந்தது 'காம்ப்ளிமென்டரி'. "நல்ல மீன், விலையும் கூடுதல்னுதான் டாக்டர் இதையே வாங்கினோம்" என்றார் அந்தப் பெண். மீனில் குற்றமில்லை. ஆனால் வெறும் மீன் சதையில் கால்சியம் போதாது, வைட்டமின் ஈ போதாது. வைட்டமின் ஈ இல்லாமல் மீன் கொழுப்பு மட்டும் நாள்கணக்கில் சேர்ந்தால் பூனையின் உடல் கொழுப்பே வீங்கி வலியெடுக்கிற ஒரு நோய் வரும். இந்தப் பூனை அவ்வளவு தூரம் போகவில்லை. கம்ப்ளீட் உணவுக்கு மாற்றினோம். டூனா டின்னை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்றேன். நம் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் அழகான சின்ன டின்களில் பல இந்த வகைதான்.

சத்தில் ஒரு சின்னப் பொருள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு டாரினைவிட நல்ல உதாரணம் கிடையாது. பூனையின் உடல் இந்தப் பொருளைத் தேவைக்குத் தானே தயாரித்துக்கொள்ளாது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை தளரும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-இல்தான் வெளியானது. அப்போது நோயுற்ற பூனைகள் வீட்டு மிச்சத்தைத் தின்றவை அல்ல, கடையில் விற்ற உணவைத் தின்றவை. பிறகு கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின, அந்த வகை இதய நோய் அரிதாகிவிட்டது. சைவக் குடும்பங்களில் சிலர் பூனையையும் தயிர்ச்சாதத்தில் வளர்க்கப் பார்க்கிறார்கள். உங்கள் கொள்கைக்கு மரியாதை உண்டு, ஆனால் பூனைக்கு அது சரிவராது. நாய்க்குக் கவனமாகத் தயாரித்த சைவ கம்ப்ளீட் உணவு இருந்தால் பேசிப் பார்க்கலாம்.

பையின் முன்பக்கத்துக்கு வருவோம். அமெரிக்க விதிப்படி பெயரிலேயே கணக்கு ஒளிந்திருக்கிறது. நேரடியாக "சிக்கன் டாக் ஃபூட்" என்றால், சேர்த்த தண்ணீரை விட்டுக் கணக்கிட்டால் 95 சதவிகிதம் கோழி இருக்க வேண்டும். "சிக்கன் டின்னர்" என்றால் 25 போதும். "வித் சிக்கன்" என்றால் 3. "சிக்கன் ஃபிளேவர்" என்றால் சுவை தெரிகிற அளவு இருந்தாலே போதும். ஐரோப்பாவில் "வித்" என்பதற்கு 4 சதவிகிதம். "பிரீமியம்", "ஹோலிஸ்டிக்" போன்ற சொற்களுக்கு எந்த விதியும் இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

புரத சதவிகிதத்தை வைத்து டின்னையும் கிப்பிளையும் (பையில் வரும் உலர் உணவு) ஒப்பிடுகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். டின்னில் 10 சதவிகிதம், கிப்பிளில் 30 என்றால் கிப்பிள்தான் சத்தானது போலத் தெரியும். டின்னில் 78 சதவிகிதம் தண்ணீர் என்றால் மிச்சம் 22. அந்த 22-இல் 10 என்பது 45 சதவிகிதம். கிப்பிளில் ஈரம் 10 என்றால், 90-இல் 30, அதாவது 33. ஆக டின்தான் முன்னால் நிற்கிறது. தண்ணீர் குடிக்கச் சோம்பல்படும் பூனைக்கு அந்த ஈரமும் நல்லது. ஆண் பூனை மணல்தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அது வேறு கதை, அன்றைக்கே ஓடி வர வேண்டும்.

'பை-புராடக்ட்' என்று பார்த்ததும் பையை அலமாரியில் திருப்பி வைத்துவிடுகிறார்கள். தேக்கா சந்தையில் ஈரல், சுவரொட்டி, குடல் எல்லாம் கேட்டு வாங்குகிற நாமா இப்படி முகம் சுளிப்பது? பட்டியலில் அந்தச் சொல் குறிப்பது பெரும்பாலும் இந்த உள்ளுறுப்புகளைத்தான். நல்ல கம்பெனியின் கையில் அது சத்துள்ள பொருள். மோசமான கம்பெனியின் கையில் முழு நெஞ்சுக்கறியும் நம்ப முடியாதது.

'கிரெய்ன் ஃப்ரீ', அதாவது தானியம் சேர்க்காத உணவு பற்றி மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாகவே பேசுவேன். 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சில வகை உணவு தின்ற நாய்களுக்கு இதயம் பெரிதாகித் தளரும் நோய் வருவதாகப் புகார்கள். 2014 ஜனவரி முதல் 2019 ஏப்ரல் வரை வந்தவை, பூனைகள் பற்றிய சிலவற்றையும் சேர்த்து, 524. அந்த உணவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தானியம் இல்லாதவை. பட்டாணியும் பருப்பு வகைகளும் நிறைய சேர்த்தவை. காரணம் இன்னும் உறுதியாகவில்லை, ஆனால் ஒரு தேவையும் இல்லாமல் அந்தப் பக்கம் ஏன் போக வேண்டும்? "தானியம் அலர்ஜி" என்று சொல்லி வாங்குகிறவர்கள் பலர். நாய்களில் உணவு அலர்ஜிக்கு அதிகம் காரணமாவது மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி. அதற்குப் பிறகுதான் கோதுமை.

பச்சை இறைச்சி உணவை நான் பரிந்துரைப்பதில்லை. உறைய வைத்தால் சால்மொனெல்லா கிருமி சாகாது. ஃப்ரீஸ் டிரை (உறைய வைத்து உலர்த்தியது) என்றாலும் அது பச்சைதான். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வீட்டை விட்டு வெளியே போகாத ஒரு பூனை எச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்தது. அது தின்ற உறைந்த வான்கோழி உணவிலும் அதே வைரஸ் இருந்தது. கைக்குழந்தையோ வயதான தாத்தா பாட்டியோ இருக்கிற வீட்டில் இதைச் சமையலறை மேசையில் வைத்து வெட்டுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, நல்ல பையாகப் பார்த்து வாங்கியாயிற்று. இனிமேல்தான் நம் ஊர் வெயிலும் ஈரமும் வேலையைக் காட்டும். எஃப்டிஏ சொல்வது 27 டிகிரிக்குக் கீழே, காய்ந்த இடத்தில் வைக்கச் சொல்லி. ஏர்கான் போடாத நம் வீட்டில் பகலில் அந்த டிகிரி எங்கே கிடைக்கும்? அதனால் பெரிய பை மலிவு என்பது ஒரு சின்ன நாய் இருக்கிற வீட்டுக்குப் பொருந்தாத கணக்கு. திறந்து ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதத்துக்குள் தீர்கிற அளவு வாங்குங்கள். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்திலும், துணி காயப்போடும் இடத்திலும் வைக்காதீர்கள்.

நான் அடிக்கடி பார்ப்பது இது: பையை வெட்டி, கிப்பிளை அப்படியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவிட்டுப் பையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஓர் ஆன்ட்டி, சிங்கப்பூர் ஸ்பெஷல் எனும் உள்ளூர்க் கலப்பின நாய் வளர்ப்பவர், அந்த டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தார். நாய் இரண்டு வாரமாக முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறதாம். மேலே இருந்த கிப்பிள் நன்றாகத்தான் இருந்தது. கையை விட்டு அடியில் துழாவினால் மாவு மாதிரி ஒட்டியது, பழைய தேங்காயெண்ணெய் போலக் காறல் வாடை. ஒவ்வொரு பை வாங்கும்போதும் பழசின் மேலேயே புதுசைக் கொட்டி வந்திருக்கிறார். டப்பாவைக் கழுவியதே இல்லை. கெட்டுப்போன கொழுப்பும், கண்ணுக்குத் தெரியாத தானிய உண்ணிகளும் அடியில் தேங்கி, புதுசையும் கெடுத்துவிடும். அந்த உண்ணிகள் சில நாய்களுக்கு அரிப்பையும் கிளப்பும். பையோடு டப்பாவுக்குள் இறக்குங்கள், காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மடித்துக் கிளிப் போடுங்கள். பை தீர்ந்ததும் டப்பாவைக் கழுவி நன்றாகக் காய வையுங்கள். திறந்த டின்னை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். எறும்புக்குப் பயந்து தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வைப்பதெல்லாம் சரிதான், ஆனால் டின் உணவு அங்கே பகல் முழுக்கக் கிடக்கக் கூடாது.

பையை வைத்திருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தயாரிப்பு எண் அதில்தான் இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவில் விற்ற உணவின் கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்ததால், சிறுநீரகம் செயலிழந்து ஏராளமான விலங்குகள் இறந்தன. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2004-இல், ஆசியாவில் பல நாய்களுக்கு வந்த சிறுநீரக நோய்க்கும் அதே கலப்படம்தான் காரணம் என்பது பிறகு தெரியவந்தது. 2020 இறுதியில் பூஞ்சை நஞ்சான அஃப்லாடாக்சின் கலந்த உணவால் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. பூஞ்சை செத்தாலும் நஞ்சு சாகாது, சூட்டையும் தாங்கும். இப்படிப்பட்ட வேளையில் கம்பெனி திரும்பப் பெறுவது எல்லாப் பைகளையும் அல்ல, குறிப்பிட்ட எண்களை மட்டும். பையும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் உங்களுடையது அதில் ஒன்றா என்று எப்படித் தெரியும்? கடையில் கிலோ கணக்கில் சிறு பைகளாகப் பிரித்து விற்பதை வாங்க வேண்டாம் என்பதும் இதனால்தான்.

இங்கே விற்பதில் பெரும்பகுதி இறக்குமதி. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவை அதற்கு விதிகள் வைத்திருக்கிறது. அவற்றின் முதல் கவலை விலங்கு நோய்கள் நாட்டுக்குள் வராமல் பார்ப்பது. உங்கள் பூனைக்கு இது ஏற்ற உணவா என்று யாரும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். அதனால் கம்பெனிக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இந்த உணவை வடிவமைத்தவர் யார், அவர் விலங்கு உணவியல் படித்தவரா? தொழிற்சாலை உங்களுடையதா, வேறொருவருடையதா? நூறு கிராமில் எத்தனை கலோரி? உலக அளவில் கால்நடை மருத்துவர்கள் கேட்கச் சொல்லும் கேள்விகள்தான் இவை. ஒழுங்கான கம்பெனி பதில் எழுதும். கலோரியைக்கூடச் சொல்லத் தெரியாத கம்பெனியை நான் என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். வீட்டுக்குள்ளேயே இருக்கும் கருத்தடை செய்த நாலு கிலோ பூனைக்கு நாளைக்கு இருநூறு கலோரி போல இருந்தால் போதும், கலோரி தெரியாமல் எதை வைத்து அளப்பது?

உணவை மாற்றும்போது பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல முழுசாக மாற்றுங்கள். மஞ்சள் காமாலை, விடாத வாந்தி, திடீரென்று தண்ணீரை மொண்டு மொண்டு குடிப்பது என்று எதையாவது பார்த்தால் அந்த உணவை நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பையோடு கட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். நாய் ஒரு வேளை முகம் திருப்பிக்கொண்டால் காத்திருந்து பார்க்கலாம். பூனையிடம், அதுவும் குண்டுப் பூனையிடம், "பசித்தால் தின்னும்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க ஒன்றும் தொடவில்லையென்றால் பழைய உணவையே வைத்துவிட்டுக் கிளினிக்குக்கு ஃபோன் செய்யுங்கள். பட்டினி இரண்டு மூன்று நாள் போனால் அதன் ஈரலில் கொழுப்பு அடைக்க ஆரம்பித்துவிடும்.