சால்மன் புலம்பெயருதா, வலசை போகுதா?

அமெரிக்காவுல கிளமத் ஆத்தை மறிச்சு நின்ன நாலு அணைங்களை 2024-ல இடிச்சு முடிச்சாங்கல்ல, அதனால மறுபடி ஆத்துல ஏறி வர்ற சால்மன் மீனைப் பத்தி தமிழ்ல எதை எடுத்தாலும் "புலம்பெயரும் சால்மன்", இல்லன்னா "சால்மன் இடம்பெயர்வு". படிச்சுப் படிச்சு எரிச்சல்தான் மிச்சம்.

ரெண்டுமே இங்கிலீஷ் 'மைக்ரேஷன்'ங்கிறதுக்குப் போடுறது. அது லத்தீன்லேர்ந்து வந்த சொல், ஒரு எடம் விட்டு இன்னொரு எடம் போறதுன்னு அர்த்தம், அவ்ளோதான். ஆளு, பறவை, மீன் எது போனாலும் இங்கிலீஷ்காரனுக்கு அதே சொல்லு, அதுக்காக தமிழ்லயும் ஒண்ணுலயே அடைக்கணுமா என்ன?

சால்மன் ஆத்தோட மேல்பக்கம் சரளைக்கல்லு நடுவுல பொரிச்சு, கடலுக்கு இறங்கி, சில வருஷம் தின்னு கொழுத்து, பொறந்த தண்ணியோட வாசனையை மோப்பம் புடிச்சு அங்கயே ஏறி வந்து முட்டை போடுது, சினூக் மாதிரி பசிபிக் வகைங்க அதோட செத்தும் போயிடும். திரும்பி வர்றதுதான் இதுல முக்கியமே. வர்ற வழியை அணை அடைச்சதும், தண்ணி சூடானதும் மீன் குறைஞ்சதுக்கு பெரிய காரணங்க.

'புலம்பெயர்' பழைய சொல்லுதான், யாரு இல்லன்னா? பட்டினப்பாலையில "புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்"னு வருது, வெளிதேசத்துக்காரங்க புகார்ல வந்து கலந்து குடியிருக்காங்க. உறையும்னு இருக்கு பாருங்க, திரும்பிப் போறாங்கன்னு இல்ல. இன்னிக்கும் டொரண்டோவுல குடியேறின ஈழத்தமிழரைத்தானே புலம்பெயர்ந்தவங்கன்னு சொல்றோம்? 'இடம்பெயர்வு' அதைவிட மோசம், குண்டுக்கும் வெள்ளத்துக்கும் பயந்து முகாமுக்கு ஓடின சனத்தோட சொல் அது. அதோட கலிபோர்னியாவுல வறட்சி வந்தா பண்ணையில பொரிச்ச சால்மன் குஞ்சை லாரியில ஏத்திக் கொண்டுபோய் விரிகுடா பக்கம் விடுறாங்க, அது இடம்பெயர்த்தல். மீன் தானா நீந்திப் போறதுக்கும் அதே சொல்லைப் போட்டா படிக்கிறவன் என்னத்தைப் புரிஞ்சுக்குவான்?

வலசைன்னு சொல்லுங்கய்யா. உடனே ஒருத்தர் வருவாரு, அது தெலுங்கு 'வலச', படைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுறதுன்னுதான் அகராதியில இருக்கு, தூய தமிழ் இல்லன்னு. சரி, இருக்கட்டும். ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசைன்னு ஊரே இருக்கு, அந்தப் பேரையும் மாத்திருவீங்களா? பறவை பாக்குறவங்க எடுத்துப் பழகிப் பழகி இன்னிக்கு வலசைன்னாலே பருவத்துக்குப் போயிட்டு வர்றதுன்னு சின்னப் பசங்களுக்கும் தெரியுது. தூய்மை பாக்குறவரும் அகராதியைத் தொறந்து மொத சொல்லை எடுத்து ஒட்டுற மொழிபெயர்ப்பாளரும் எனக்கு ஒண்ணுதான், ரெண்டு பேரும் மீனைப் பாக்கவே இல்ல.

ஒரு விதிவிலக்கு ஒத்துக்குறேன். கொஞ்சம் சால்மன் வழி மாறி வேற ஓடைக்கும் போகும், லாரியில போன குஞ்சுங்க வழியோட வாசனை தெரியாம அதிகமாவே வழி தப்பிப் போகும். 2024 அக்டோபர்ல ஒரேகான்ல, கிளமத்தோட கிளை ஓடை ஒண்ணுல, 1912-க்கு அப்புறம் மொத தடவையா சினூக் வந்துச்சு. அத்தனை வருஷம் அடைச்சுக் கெடந்த ஓடையில அது பொறந்திருக்க வழியே இல்ல, புது எடத்துக்கு வந்த மீன். அதை வேணா புலம்பெயர்ந்த மீன்னு எழுதிக்கோங்க, நான் கேக்க மாட்டேன்.