போர் தண்ணீரில் ஃபுளோரைடு: வெள்ளைக் குருணை எப்படிப் பிடிக்கிறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பலருடைய பல்லில் பழுப்புக் கறை இருக்கும். ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை போல என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. சிறுவயதில், ஈறுக்குள்ளேயே எனாமல் உருவாகும்போது ஃபுளோரைடு செய்துவிட்டுப் போன வேலை அது.

நம் கருங்கல் பாறையிலுள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அதோடு சேர்ந்து ஓரளவு படிந்துவிடும். கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடினால் கரைந்தபடியே தங்கிவிடும். கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் சோப்பு நன்றாக நுரைக்கும். அதனால் சோப்பு நுரைக்கிற தண்ணீரை நல்ல தண்ணீர் என்று நம்பிவிட முடியாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு.

சரி, காய்ச்சிக் குடிக்கலாமா? தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நின்று இன்னும் அடர்த்தியாகும். கேண்டில் ஃபில்டர் அழுக்கையும் கிருமியையும் தடுக்கும், ஃபுளோரைடு போலக் கரைந்திருக்கும் அயனியை, அதாவது மின்சுமையுள்ள நுண்துகளை, விட்டுவிடும். ஆர்.ஓ. தடுக்கும், ஆனால் நிறையத் தண்ணீரைக் கழிவாகத் தள்ளும்.

இன்னொரு வழி, அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். ஃபுளோரைடுக்கு அது ஆக்டிவேட்டட் அலுமினா, அதாவது பதப்படுத்திய அலுமினியம் ஆக்சைடு. பார்க்க வெறும் வெள்ளைக் குருணை. ஆனால் உள்ளே முழுக்க நுண்துளை. ஒரு கிராமின் பரப்பை விரித்தால் 200 சதுர மீட்டரைத் தாண்டும். அந்தப் பரப்பெங்கும் ஹைட்ராக்சில் அயனிகள் ஒட்டியிருக்கும். ஃபுளோரைடும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே மின்சுமை. பஸ்ஸில் ஒருவர் எழுந்ததும் இன்னொருவர் உட்காருவதுபோல, ஹைட்ராக்சில் விட்ட இடத்தில் ஃபுளோரைடு உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 5.5 முதல் 6 வரை இருந்தால் இது சுறுசுறுப்பாக நடக்கும். நம் போர் தண்ணீரோ பெரும்பாலும் 7-ஐத் தாண்டியது. போதாததற்குப் பைகார்பனேட்டும் இடத்துக்குப் போட்டியிடும்.

ஒரு கணக்குப் போடலாம். தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது, அதை 1-க்குக் கொண்டுவர வேண்டும். குடிக்க, சமைக்க நாளைக்கு 20 லிட்டர் என்றால் தினமும் 40 மில்லிகிராமைப் பிடிக்க வேண்டும். கிராமுக்கு 1 மில்லிகிராம் பிடிக்கும் என்று வைத்தால் 3 கிலோ அலுமினா 75 நாளில் நிரம்பிவிடும்.

நிரம்பியது வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல். சுவை மாறாது, நிறம் மாறாது, தண்ணீர் வரும் வேகமும் குறையாது. மாட்டிய அன்றைக்குச் சோதித்துவிட்டு மறந்துவிடுவதில் பயனே இல்லை. ஃபில்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீரை அவ்வப்போது சோதிக்க வேண்டும். சிர்கோனியம்-அலிசரின் கரைசலைச் சேர்த்தால், ஃபுளோரைடு ஏற ஏறச் செந்நிறம் மஞ்சளாக மாறும்.

நிரம்பிய அலுமினாவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவினால் ஹைட்ராக்சில் கூட்டமாக வந்து ஃபுளோரைடை வெளியேற்றிவிடும். அப்புறம் நீர்த்த அமிலத்தால் காரத்தைப் போக்குவார்கள். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், விவரம் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். அவர்களும் கழுவிய தண்ணீரைப் போர் பக்கத்தில் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் பிடித்த ஃபுளோரைடு முழுக்க அதில்தான் இருக்கிறது.