ஸ்பிரிச்சுவல் கேர்: உயிர்த்துணை

தீராத நோயில் படுத்திருப்பவருக்கு மருத்துவரும் செவிலியரும் செய்ய வேண்டியவற்றில் ‘ஸ்பிரிச்சுவல் கேர்’ என்று ஒன்று உண்டு. தமிழில் இதைப் பெரும்பாலும் ‘ஆன்மிகப் பராமரிப்பு’ என்று எழுதுகிறோம். அகராதிப்படி பிழையில்லை. ஆனால் ஆன்மிகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது கோயில், சொற்பொழிவு, நாளிதழோடு வரும் பக்தி இணைப்பு. அதனால் இந்தச் சொல் காதில் விழுந்ததும் ‘அது பூசாரி வேலை, பாதிரியார் வேலை’ என்று வார்டில் இருப்பவர்கள் ஒதுங்கிவிடலாம். மதத்தைத் திணிக்கிறார்களோ என்று நோயாளியின் வீட்டார் கலங்கவும் இடமிருக்கிறது. சொல்ல வந்த பொருள் வேறு: குற்றவுணர்வு, பயம், நம்பிக்கை என்று நோயாளியின் உள்ளே ஆழத்தில் எழும் தவிப்புக்குக் கூட நிற்பது.

ஸ்பிரிச்சுவல் என்பதன் வேர் ‘ஸ்பிரிடுஸ்’ என்ற லத்தீன் சொல். அதன் முதற்பொருள் மூச்சு. உயிர், ஆவி என்பவை அதிலிருந்து விரிந்தவை. ‘ஆத்மன்’ என்ற வடசொல்லும் ரிக் வேதத்தில் மூச்சு என்ற பொருளில் வருகிறது. ஆன்மிகம் அதன் வழிவந்தது. (‘ஆன்மீகம்’ என்று நெடிலிட்டு எழுதுவது பரவிவிட்டது, நாகரிகம் போல இதற்கும் குறில்தான் சரி.) தமிழிலும் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். நெட்டுயிர்ப்பு என்பது பெருமூச்சு. ஆக, ஸ்பிரிடுஸுக்கு நேர் நிற்கும் சொல் தமிழிலேயே இருக்கிறது: உயிர்.

‘கேர்’ என்பதும் பழைய ஆங்கிலத்தில் துயரத்தையும் கவலையையும் குறித்த சொல். கவனித்துக்கொள்வது என்ற பொருள் பின்னால் வந்தது. நம் ‘விசாரம்’ கிட்டத்தட்ட இப்படித்தான். மனசில் இருந்தால் அது கவலை. ‘முடியலையாமே, எப்படி இருக்கீங்க?’ என்று போய்க் கேட்டால் அது நலம் விசாரிப்பு.

இந்தத் துறையின் மற்ற இரண்டு சொற்களையும் சொல்லிவிடுகிறேன். நோயைத் தீர்க்க முடியாதபோதும் வேதனையைத் தணிக்கும் கவனிப்புக்குப் பெயர் ‘பாலியேட்டிவ்’ கேர். அந்தச் சொல்லுக்கு மூலம் ‘பாலியம்’, அதாவது மேற்போர்வை. மருத்துவமனையில் சமயப் பணியாற்றும் ‘சாப்ளின்’ என்ற பெயரும் ஒரு போர்வையிலிருந்து வந்ததுதான். தூர் நகரத்துப் புனித மார்ட்டின், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. அந்த மேலங்கியைக் காத்துவந்த குருமாருக்கு வழங்கிய பெயரே சாப்ளின் ஆயிற்று.

இன்றைய பொருளில் இந்தக் கவனிப்புக்கு வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனை சமூகப் பணியாளர், 1957-இல் மருத்துவர். 1948-இல், அவர் சமூகப் பணியாளராக இருந்தபோது, வார்சாவிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர் லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லும்படி கேட்டார். சாண்டர்ஸ் தனக்கு மனப்பாடமாக இருந்த பைபிள் திருப்பாடல்களைச் சொன்னார். இன்னும் வாசிக்கட்டுமா என்று கேட்டபோது டாஸ்மா வேண்டாம் என்றுவிட்டார். உங்கள் மனதிலும் இதயத்திலும் இருப்பது மட்டும் போதும் என்றார். இறந்துகொண்டிருப்பவர்களுக்காகச் சாண்டர்ஸ் அமைக்க நினைத்த இல்லத்துக்கு இறக்கும்போது 500 பவுண்டு எழுதிவைத்து, உங்கள் இல்லத்தில் நான் ஒரு சன்னலாக இருப்பேன் என்றும் சொன்னார். அந்த இல்லம், லண்டன் சிடன்ஹாமில் உள்ள செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், 1967-இல் திறந்தது. சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். இருந்தும், எந்த மதத்தாரும் மதம் இல்லாதவரும் அங்கே வரலாம் என்றே வைத்தார்.

அவர் கொடுத்த முக்கியமான கருத்து ‘முழுவலி’. உடல் வலி, மன வலி, குடும்பமும் பணமும் சார்ந்த வலி, இவற்றோடு உயிரின் வலி. நான்கும் பின்னிக்கிடக்கும், ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைத் தீர்க்க முடியாது என்றார். பாலியேட்டிவ் கேருக்கு உலக சுகாதார நிறுவனம் 2002-இல் தந்த வரையறையிலும் உடல், உள-சமூகச் சிக்கல்களோடு உயிரின் சிக்கலும் இடம்பெற்றது.

உயிரின் வலி நம் ஊரில் எப்படிக் காதில் விழும்? காலையில் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு அம்மா கேட்பார்: “நான் யாருக்கு என்ன பாவம் பண்ணினேன் சிஸ்டர்?” மார்ஃபின் என்ற வலிமருந்து கொடுத்தும் அடங்காத வலி சில நேரம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. “அப்படியெல்லாம் பேசாதீங்க, சரியாயிடும்” என்று கடந்துபோவது எளிது. “கர்மா, என்ன பண்றது” என்பது அதைவிட மோசம், புண்ணில் இன்னொரு கீறல். கையிலிருக்கும் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, “ஏன் அப்படித் தோணுதும்மா?” என்று கேட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பதுதான் இங்கே சிகிச்சை. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பியின் பெயர் அப்போது வெளியே வரலாம். அவருக்கு ஒரு போன் போட்டுக் கொடுப்பது மருந்துச் சீட்டில் வராது. ஆனாலும் அது வேலைதான்.

ஸ்கேனுக்கு அழைத்துப்போகும்போது கையில் கட்டிய தாயத்தைக் கத்தரியால் நறுக்கிக் குப்பைத் தொட்டியில் போடலாம். அவிழ்த்து, சிறு கவரில் போட்டு, பேர் எழுதி, திரும்பி வந்ததும் தலையணைக்கடியில் வைக்கவும் செய்யலாம். ஒருவருக்குத் திருநீறு, ஒருவருக்கு யாசீன் ஓதக் கேட்பது, ஒருவருக்கு நற்கருணை. வாழ்நாளெல்லாம் கறுப்புச் சட்டை போட்ட பெரியவருக்கோ, தனக்கு எந்தச் சடங்கும் செய்யாமல் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்பதே உயிரின் விருப்பம். அந்தப் படிவத்தை அவர் கண்ணெதிரே நிரப்பிக் கையெழுத்து வாங்கும் செவிலியர் செய்வதும் முழுமையான ஸ்பிரிச்சுவல் கேர்தான். ‘ஆன்மிகப் பராமரிப்பு’ என்ற சொல்லுக்குள் இந்தப் பெரியவரை உட்கார வைக்க முடியாது. எனக்கு அந்தச் சொல்மேல் இருக்கும் பெரிய குறை இதுதான்.

மருத்துவர்களுக்காகவே அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புகல்ஸ்கி கேள்விகளை நான்கு தலைப்பில் அமைத்துக் கொடுத்தார்: நம்பிக்கை, அதன் முக்கியத்துவம், கூட இருக்கும் சமூகம், மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்பது. நம் பேச்சில் கேட்டால், “கஷ்டம்னு வந்தா எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க?” என்று தொடங்கலாம். மற்றவை தானாக வரும். ஒரு எல்லை மட்டும் கறாரானது. மருத்துவர் தன் நம்பிக்கையைப் பேசக்கூடாது. படுக்கையில் கிடப்பவர் எழுந்து போக முடியாதவர்.

நம் பக்கத்தில் பாலியேட்டிவ் கவனிப்பு வீட்டுக்கே வந்திருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-இல் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய பணி தன்னார்வலர் வழியாகக் கேரளம் முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ‘நோய் ஆதரவு சிகிச்சை’ என்ற பெயரில் இது சேர்ந்தது. ‘ஆதரவு’ நல்ல சொல். ஆனால் அது பாலியேட்டிவ் முழுவதற்குமான பெயர். அதற்குள் உயிரின் பகுதிக்குத் தனிப்பெயர் வேண்டும்.

என் பரிந்துரை ‘உயிர்த்துணை’. கவுன்சலிங்கை இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணை’ என்று அழகாக ஆக்கிக்கொண்டார்கள். உளத்துக்கு அது என்றால் உயிருக்கு இது. ‘பராமரிப்பு’ என்பதில் ஒருவர் செய்ய இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். ‘துணை’ என்பதில் இருவரும் சேர்ந்து இருக்கிறார்கள். பேச்சுத்துணை, வழித்துணை என்று ஏற்கெனவே புழங்கும் சொல். ‘முன்பு செய்த பழிக்குத் துணை’, ‘பயந்த தனி வழிக்குத் துணை’ என்று அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் பாடியது முருகனை. ஆனால் பழைய குற்றவுணர்வும் தனியே போகிற பயமும் என்று அவர் தொட்ட இரண்டும், மரணப் படுக்கையில் எந்த மதத்தாரிடமும் கேட்கும் இரண்டு நோவுகள். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து மூன்றோடு நிறுத்தாமல் ‘உழைச்செல்வான்’ என்று நான்காவதாக ஒருவரையும் சேர்த்தார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவரும் மருத்துவத்தின் ஒரு கூறு.

உயிர்த்துணை என்பது கணவன் மனைவியைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வார்டில், நோய் ஆதரவு சிகிச்சையின் பகுதியாக வரும்போது குழப்பம் வராது. தயங்குபவர்கள் ‘உயிர்த்துணைப் பணி’ என்று எழுதலாம். இதையொட்டி, ஸ்பிரிச்சுவல் பெயினை ‘உயிர்நோவு’ என்றும், சாப்ளினை ‘உயிர்த்துணையாளர்’ என்றும், புகல்ஸ்கி முறையில் கேட்டுக் குறித்துக்கொள்வதைப் ‘பற்றுக்கோடு விசாரித்தல்’ என்றும் சொல்லலாம். இவையெல்லாம் கேஸ் ஷீட்டுக்கும் பாடப்புத்தகத்துக்கும். நோயாளியிடம் இந்தச் சொற்களைச் சொல்ல வேண்டியதில்லை. “கொஞ்ச நேரம் உக்காந்து பேசலாமா?” என்று கேட்டால் போதும்.